ஏழாவது விமானம்

அத்தியாயம் 9

சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் பட்டாசு ஒரு நாளும் கஷ்டப்பட்டதில்லை. அன்று மதியத்துக்குள்ளேயே மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்தவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. லிஃப்டில் கூட வந்தவர் தேவைக்கு மேல் சிரித்தார். விமானக் கம்பெனியின் சேர்மன் அம்மா கொடுத்த காபி மிக நன்றாக இருந்தது.

"காபி நல்லா இருந்தா அதுவும் குற்றமாம்மா?" என்றார் நிதானம்.

"இவ்வளவு நல்ல காபி கொடுக்கிறவங்க எதையோ மறைக்கிறாங்க மாமா. நம்ம வீட்டுக் காபியைக் குடிச்சுப் பாருங்க. நாம எதையும் மறைக்கிறதில்ல."

நிதானம் அவளுடைய மாமனார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினார். காரை ஓட்ட மருமகள் வந்தாள். வந்தவள் வாயையும் கூடவே கொண்டுவந்தாள். நடையிலும் பேச்சிலும் அவசரமே இல்லாததால் அவருக்கு நிதானம் என்று பெயர். இவளுக்குப் பட்டாசு என்று ஏன் பெயர் வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனியிடம் ஏழு விமானங்கள். ஏழும் கிழம். எல்லாவற்றையும் விற்றுக் கடன் வாங்கிப் புது விமானங்கள் வாங்குவதா, பழையதையே பழுது பார்த்து இன்னும் எட்டு வருஷம் ஓட்டுவதா என்று மாலை நான்கு மணிக்கு இயக்குநர்கள் கூடி முடிவு செய்யப் போகிறார்கள். புதிது வாங்கலாம் என்று அறிக்கை எழுதியவர் நிதி அதிகாரி அம்மாள். எழுதியதற்குப் பரிசாகப் போன வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விமானம் விற்கும் கம்பெனியிடம் கை நீட்டிவிட்டு, பழைய விமானங்களின் செலவை ஊதிப் பெரிதாக்கிவிட்டார் என்பது பேச்சு.

"அவங்க பொய் சொன்னாங்களா, இல்லையா? கூட்டத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்," என்று காபியோடு சேர்த்துச் சொல்லியிருந்தார் சேர்மன் அம்மா. "சொல்லியிருந்தா போலீஸுக்குப் போவேன்."

நிதி அதிகாரியைத் தேடி அவர்கள் வெகுதூரம் போகவில்லை. அலுவலகத்துக் கார் நிறுத்துமிடத்தின் மூலையில், தன் சின்னக் காருக்குள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார் அவர். உள்ளே போக அனுமதியில்லை. வீட்டுக்குப் போகவும் மனமில்லை.

"வீட்டுல இன்னும் சொல்லல சார்," என்றார் வெட்கத்தோடு. "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. தினமும் வேலைக்குக் கிளம்பற மாதிரியே கிளம்பி இங்க வந்து உட்கார்ந்துக்கறேன்."

வேலைக்குத் தடை விதித்த இடத்தைச் சுற்றி ஏன் வரவேண்டும்? பட்டாசின் பட்டியலில் நான்காவது பெயர் ஏறியது. நிதானமோ பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "முதல்ல சாப்பிடும்மா. ஆறிப் போயிடும். நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்," என்றார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு கேட்டார். "எனக்குக் கணக்கு வராது. குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

"புதுசு வாங்கினா முதல் நாளே பெரிய தொகை கையை விட்டுப் போயிடும் சார். அதனால மிச்சமாகற எரிபொருள், ரிப்பேர் செலவு எல்லாம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வரும். பின்னாடி வரப்போற பணத்துக்கு இன்னைக்கு அதே மதிப்பு கிடையாது. அந்த மதிப்பைக் கழிச்சுப் பார்த்தும், போட்டதை விட வர்றது அதிகமா இருந்தா வாங்கலாம். இல்லேன்னா கூடாது."

"புரிஞ்சுது மாமா," என்றாள் பட்டாசு. "உங்க பையன் எனக்கு 'அடுத்த வருஷம் வாங்கித் தர்றேன்'னு சொல்ற சங்கதிதான். பாதி மதிப்புகூடப் போடக் கூடாது."

நிதி அதிகாரி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்திருப்பார் போலிருந்தது. உடனே முகம் சுருங்கிவிட்டது. "என் கணக்கு ரெண்டு கால்ல நிக்குது சார். ஏழு பழைய விமானத்தையும் வித்தா வர்ற பணம் முதல் தவணைக்கு ஆகும், இது ஒண்ணு. பழசுக்கு வருஷா வருஷம் ரிப்பேர் செலவு ஏறிட்டே போகும், இது இன்னொண்ணு. ஆனா ரெண்டு வருஷமா ரிப்பேர் செலவு ஏறல. இறங்குது. அதனால நான் வேணும்னே ஊதிப் பெருசாக்கினேன்னு சொல்றாங்க."

"ஏன் இறங்குது?"

"தலைமைப் பொறியாளர் கைராசின்னு சொல்றாங்க. பழசையே ஓட்டலாம்னு சொல்றவரும் அவர்தான். எனக்கு விளங்கவே இல்ல சார். உலகத்துல எங்கேயும் இப்படி நடந்ததில்ல. அதுக்காக உண்மையா இறங்கின செலவை நான் இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"விக்கிற கம்பெனியோட தொழிற்சாலைக்குப் போய்ட்டு வந்தீங்களாமே?" பட்டாசு சுருக்கென்று கேட்டாள்.

"சேர்மன் அம்மாதான் அனுப்பினாங்க. இப்ப அது யாருக்கும் ஞாபகம் இல்ல."

ஐந்தாவது பெயர் தேவைப்படவில்லை. மூன்றாவது பெயரான சேர்மன் அம்மாவுக்குக் கீழே இன்னொரு கோடு விழுந்தது.

விமான நிலையத்தின் பின்பக்கத்துச் சாலையில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கர் கொட்டகையை நோக்கிக் கார் போய்க்கொண்டிருந்தபோது நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு நிமிஷம் கடவுளிடம் பேசுவார். அன்று வழக்கத்தை விடக் கொஞ்சம் நேரமானது.

"மேல என்ன சொன்னாங்க மாமா? யாரு குற்றவாளியாம்?"

"என் மாத்திரைச் செலவு போன மாசம் பாதியாக் குறைஞ்சுதே, ஞாபகம் இருக்காம்மா?"

"மறக்க முடியுமா? உடம்பு தேறிடுச்சுன்னு வீடே சந்தோஷப்பட்டுச்சு. அப்புறம் பார்த்தா, உங்க தம்பி வந்து தங்கினப்ப விட்டுட்டுப் போன டப்பாவுல இருந்து எடுத்து முழுங்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான்னாலும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கணும். தப்புதான். ஆனா பாரு, மாத்திரை சாப்பிடறது குறையல. வாங்கறதுதான் குறைஞ்சுது."

பட்டாசு வேகத்தைக் குறைத்தாள். அப்படி அவள் குறைப்பது அபூர்வம். "அப்படின்னா, இந்தக் கிழட்டு விமானங்களுக்கு யாரோட டப்பா கிடைச்சுது?"

"அதைத்தான் போய்ப் பார்க்கப் போறோம்."

ஹேங்கர் வாசலில் காவலாளி ஒரு தட்டை நீட்டினார். பேனா, சில்லறை, சாவி, வளையல் எல்லாவற்றையும் அதில் வைக்க வேண்டும். உள்ளே ஏதாவது கழன்று விழுந்து இன்ஜினுக்குள் போய்விட்டால் ஆபத்து. கைப்பேசியை மட்டும் மூடிய பையில் கொண்டு போகலாம். பட்டாசு வளையலைக் கழற்றினாள். காவலாளி தலையைக் காட்டினார். ஹேர்பின்களைக் கழற்றினாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"அடுத்து பல்லைக் கழட்டச் சொல்வாங்க மாமா. உங்களுக்குச் சுலபம்."

தலைமைப் பொறியாளர் அவர்களை எதிர்கொண்டார். ஒல்லியான, நரைத்த மனிதர். உடுப்பில் ஒரு பொத்தான்கூட இல்லை, எல்லாம் ஜிப். "மன்னிக்கணும்மா. யாரா இருந்தாலும் இங்க இதுதான் சட்டம். ஒரு சின்னப் பின் போதும், ஒரு இன்ஜினைத் தின்னுடும்," என்று அவளிடம் மரியாதையாகச் சொன்னார். ஒவ்வொரு தொழிலாளியிடமும் நின்று ஒரு வார்த்தை பேசியபடியே அழைத்துப் போனார். ஒருவரிடம் மகளின் பரீட்சையை விசாரித்தார். இன்னொருவருடைய கைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, "இன்னைக்கு நீ ஏணியில ஏறாத," என்றார்.

இவ்வளவு நல்லவராக இருப்பதே தப்பு என்று பட்டாசு மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

நடுவில் ஒரு விமானம் வயிறு திறந்து நின்றது. அதன் இறக்கைக்குக் கீழிருந்து ஒரு மெக்கானிக் உரக்கக் கத்தினார். "அண்ணே, இந்த வால்வு போயிடுச்சு! வள்ளல்கிட்ட இன்னும் ஒண்ணு இருக்குமா?"

பொறியாளர் இருமினார். மெக்கானிக் திரும்பிப் பார்த்தார், இறக்கைக்கு அடியிலேயே மறைந்துபோனார்.

"வள்ளல் யாருங்க?" என்றாள் பட்டாசு.

"ஸ்டோர்ல ஒருத்தர். பட்டப்பேரு."

"பார்க்கலாமா?"

"லீவுல இருக்காரு."

நிதானம் அதைக் காதில் வாங்காதவர் போலக் கொட்டகையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு விமானம் தனியாக நின்றது. ஜன்னல்களுக்கு உள்ளே காகிதம் ஒட்டியிருந்தது. இறக்கைகளுக்குக் கீழே இரண்டு இன்ஜின்களுக்கும் சிவப்புத் துணி உறை போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது.

"அது ஏழாவது. பயணிகள் குறைஞ்ச பிறகு மாத்து விமானமா வெச்சிருக்கோம்," என்றார் பொறியாளர். "பெயின்ட் அடிக்கணும். தேவைப்பட்டா எடுத்துக்கலாம்."

"தேவைப்பட்டுதா?"

"அவ்வளவா இல்ல."

மூவரும் அதை நோக்கி நடந்தார்கள். பக்கத்தில் போனதும் பட்டாசு கீழே பார்த்தாள். இடதுபக்க இன்ஜினின் உறைக்குக் கீழே தரையில் ஒரு தகரக் கிண்ணம். அதில் பால். புதிதாக ஊற்றியது, இன்னும் ஏடு படியவில்லை.

சந்தேகம் வந்தால் அவள் கை சும்மா இருக்காது. "உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்துடலாம்," என்று உறையின் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனாள்.

"ஐயோ, மெதுவா! உள்ள குட்டிங்க இருக்கு!"

பொறியாளர் ஓடிவந்து அவள் கையைத் தடுத்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு உறையின் மடிப்பு அசைந்தது. ஒரு சாம்பல்நிறப் பூனை தலையை நீட்டி மூவரையும் பார்த்தது. அதன் பின்னால் மெல்லிய கீச்சுக் குரல்கள் கேட்டன.

பொறியாளர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் போல நின்றார்.

"சார்," என்றார் நிதானம் மெதுவாக. "என் மருமகளோட ஹேர்பின்னுக்கே இங்க இடம் இல்ல. இன்ஜினுக்குள்ள ஒரு பூனைக் குடும்பத்துக்கு எப்படி இடம் கொடுத்தீங்க?"

பட்டாசு இப்போது பதமாக, பூனைக்கு வலிக்காதபடி, உறையின் மறுபக்கத்து ஓரத்தை விலக்கினாள். உள்ளே இன்ஜின் இல்லை. இரும்புச் சட்டத்தில் தொங்கும் ஒரு பெரிய கான்கிரீட் கட்டி இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள். மொத்தென்று இருந்தது.

"இறக்கையில கனம் இல்லேன்னா வால் பக்கமாச் சாய்ஞ்சுடும்," என்றார் பொறியாளர். கேட்காமலே சொன்னார், பழக்கத்தில். "அதுக்காகக் கட்டினது."

"இன்ஜின் எங்க? வித்துட்டீங்களா?" பட்டாசின் குரல் உயர்ந்தது. "எவ்வளவுக்கு?"

"வித்தேனா?" அவர் முகம் சிவந்தது. "ஒரு ஆணியைக்கூட நான் வெளிய கொண்டு போகலம்மா. எல்லாம் இந்தக் கூரைக்குக் கீழதான் இருக்கு. ரெண்டு இன்ஜினும் ரெண்டாவது விமானத்துல இருக்கு. சக்கரம் நாலாவதுல, அதோட தேய்ஞ்ச சக்கரம் இதுல. பம்பு, வால்வு, கண்ணாடி எல்லாம் மத்ததுல. கழட்டினதும் மாட்டினதும் சோதனை பண்ணினதும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு முறையாத் தெரியும். பறக்கிற விமானத்துல நான் பொய் சொன்னதே இல்ல. நிக்கிற விமானத்துலதான் சொன்னேன்."

ஆக, வள்ளல் லீவில் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் அவர்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. வாங்கவேண்டிய உதிரிபாகத்தை வாங்கவில்லை, அதனால் செலவு இறங்கியது. கைராசி, கைராசி என்று மாடியில் இருந்தவர்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு சார்?" என்றார் நிதானம்.

பொறியாளர் கொட்டகையைக் கையால் காட்டினார். "இங்க அறுபது பேர் இருக்காங்க. புது விமானம் வந்தா ரிப்பேரையும் விக்கிற கம்பெனியே பார்த்துக்கும்னு அந்த அறிக்கையோட முதல் வரைவுலயே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு வரி இருந்துச்சு. ஒரே வரி. அறுபது குடும்பம் அதுல போச்சு. பழசு மலிவுன்னு காட்டினா அந்த வரியைக் கிழிச்சுப் போட்டுடலாம்னு நினைச்சேன்."

"அந்த நிதி அதிகாரி அம்மாவைத் திருடின்னு சொல்றாங்களே, அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

அவர் குனிந்து, காலில் பட்டுச் சாய்ந்திருந்த பால் கிண்ணத்தை நேராக வைத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "தூங்கலைங்க," என்றார்.

பட்டாசு கைப்பேசியை எடுத்தாள். சேர்மன் அம்மாவை அழைக்க வேண்டியதுதான். நிதானம் அவள் கையை மெல்லத் தாழ்த்தினார்.

"சார், ஒரு பூனைக்குட்டிக்கு அடிபடக்கூடாதுன்னு உங்க ரெண்டு வருஷத்து ரகசியத்தையே விட்டுட்டீங்க. அந்த மனசு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. கூட்டம் நாலு மணிக்கு. நான் போய்ச் சொல்றதை விட நீங்க வந்து சொல்றது நல்லது. வருவீங்களா?"

வெளியே வந்து ஹேர்பின்களைத் தட்டிலிருந்து பொறுக்கியபோது பட்டாசு பொரிந்து தள்ளினாள். "வர மாட்டாரு மாமா! இந்நேரம் பின்வாசல் வழியா ஓடியிருப்பாரு. பூனைக்குப் பால் ஊத்தினா யோக்கியனா?"

"யோக்கியன்னு நான் சொல்லலையே. வருவாருன்னுதான் சொன்னேன்."

"நீங்க கோயில்ல செருப்பை விட்டுட்டு வந்து தொலைச்ச ஆளு. உங்க நம்பிக்கையைப் பத்தி எனக்குத் தெரியும்."

நான்கு மணிக்கு இயக்குநர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். நிதானத்தின் வேண்டுகோளின்படி நிதி அதிகாரியையும் கூப்பிட்டுக் கடைசியில் ஒரு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பொறியாளரின் நாற்காலி காலியாக இருந்தது. சேர்மன் அம்மா நிதானத்தைப் பார்த்தார். நிதானம் கதவைப் பார்த்தார். பட்டாசு கைப்பேசியைப் பார்த்தாள். கடிகார முள் நகர்வதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

கதவு திறந்தது. பொறியாளர் அதே உடுப்பில், கையில் கிரீஸோடு வந்து நின்றார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார் சேர்மன் அம்மா.

"செலவு குறைஞ்சுதுன்னு பாராட்டினீங்கம்மா. ஏன் குறைஞ்சுதுன்னு நீங்களும் கேட்கல."

சேர்மன் அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த அவருடைய தம்பி, இயக்குநர்களில் ஒருவர், கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப இந்த அம்மா எழுதினதுதான் சரி! பழசு செலவு வைக்கும். பிரச்சினை முடிஞ்சுது. புதுசு வாங்க இப்பவே கையெழுத்துப் போட்டுடலாம்."

தலைகள் ஆடின. பட்டாசு நிதி அதிகாரியைப் பார்த்தாள். களங்கம் துடைக்கப்பட்டு, திட்டமும் ஜெயித்த நிமிஷம். இப்போது அந்த முகத்தில் என்ன வரும்? யாரிடமாவது கை நீட்டியிருந்தால் இந்த இடத்தில் கண் மின்னியே தீரும். அதைப் பிடித்துவிட அவள் காத்திருந்தாள்.

நிதி அதிகாரி எழுந்து நின்றார். "வேண்டாம் சார். கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன்?"

"ஏழு விமானத்தையும் வித்து முதல் தவணை கட்டலாம்னு எழுதினேன். ஏழாவதை இனி யாரும் வாங்க மாட்டாங்க. அது பழைய இரும்பு. அதுல இருந்து எடுத்து மாட்டின பாகங்களும் சீக்கிரம் தேய்ஞ்சுடும், அதனால மத்த ஆறுக்கும் நான் போட்ட விலை கிடைக்காது. பழசை ஓட்டறதும் தப்பு, நான் எழுதின மாதிரி ஒரேயடியா ஏழு புதுசு வாங்கறதும் தப்பு. கடன்ல மூழ்கிடுவோம். என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

சேர்மன் அம்மா நிதானத்தின் பக்கம் திரும்பினார். அவர் கேட்டிருந்த கேள்விக்கு விடை வந்துவிட்டிருந்தது. துப்பறிகிறவர் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாசு தன் பட்டியலில் நான்காவது பெயரை அடித்தாள். அடிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"நீங்க நாளைக்கே வேலைக்கு வாங்கம்மா," என்றார் சேர்மன் அம்மா. "நடந்ததுக்கு நான் வருத்தப்படறேன். உங்க அப்பாகிட்டேயும் நானே வந்து சொல்றேன்." பிறகு பொறியாளரைப் பார்த்தபோது குரல் கடினமானது. "நீங்க இனிமே தலைமைப் பொறியாளர் இல்ல."

"சரிங்கம்மா." அவர் கதவை நோக்கித் திரும்பினார்.

"இருங்க சார்," என்றார் நிதி அதிகாரி.

இவ்வளவு நாள் யாருடைய மௌனத்தால் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாரோ, அவரை நோக்கிப் போய், தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "பதவி விஷயத்தைச் சேர்மன் அம்மா பார்த்துக்கட்டும். எனக்கு உண்மை வேணும். எந்த விமானத்தை உடனே மாத்தணும், எது இன்னும் சில வருஷம் தாங்கும்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒவ்வொண்ணா மாத்தினா கடன் தாங்கும். உங்க அறுபது பேரைப் புது விமானத்துக்குப் பழக்க என்ன ஆகும்னு நான் கணக்குல சேர்க்கவே இல்ல. ஹேங்கர் பக்கம் ஒரு நாள்கூட வராமலே அந்த ஒரு வரியை எழுதிட்டேன். இந்தத் தடவை அதையும் சேர்ப்போம்."

பொறியாளர் நாற்காலியைப் பார்த்தார். தன் கிரீஸ் கையைப் பார்த்தார். நிதி அதிகாரி தன் கைக்குட்டையை நீட்டினார். அவர் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூணாவது விமானத்துல ஆரம்பிக்கலாம்மா," என்றார் தணிந்த குரலில். "பறக்க ஆபத்தில்ல, ஆனா செலவு வைக்கிறதுல அதுதான் இருக்கிறதிலேயே மோசம். நான்தான் அதை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இருந்தேன்."